14300-இல் பேசினால் 7110 ஏன் செவிடாகிறது? நாவலடி வளவு ஒன்றில் நடந்த நிகழ்வு ஆய்வு

மச்சான் 14300 கிலோஹெர்ட்ஸில் பேச மைக்கின் பொத்தானை அழுத்தினான். வாயை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் ஒன்றரை மீட்டர் தள்ளி, 7110 கிலோஹெர்ட்ஸில் கேட்டுக்கொண்டிருந்த என் ரேடியோவில், சமிக்ஞையின் பலத்தை எஸ் அளவுகளில் காட்டும் ஊசி எஸ்4-இல் இருந்து எஸ்7-க்கு ஏறி நின்றது. ஹெட்ஃபோனில் ‘ஷ்ஷ்’ என்று ஒரே சீரான இரைச்சல். அதுவரை தெளிவாகக் கேட்ட கொழும்பு நிலையம் அதற்குள் அமிழ்ந்துபோனது. பொத்தானை விட்டதும் குரல் பழையபடி மேலே வந்தது.

“மச்சான், நீ பேசக்குள்ள எனக்கு ஒண்டும் கேக்குதில்ல,” என்றேன்.

“நான் இன்னும் பேசவே இல்லயே,” என்றான்.

அந்தப் பதிலிலேயே பாதி விடை இருந்தது. அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரே வளவில் இரண்டு அமெச்சூர் ரேடியோக்களை (ஹாம் ரேடியோ, அதாவது அனுமதிப்பத்திரம் பெற்ற ஆர்வலர்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் வானொலி) ஒரே நேரத்தில் இயக்க முயலும் எவரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். அதனால் எதைச் செய்தோம், எதில் பிழைவிட்டோம், எந்த அளவு எவ்வளவு மாறியது என்பதை முழுமையாக எழுதிவைக்கிறேன்.

ஏன் இரண்டு ரேடியோ

மட்டக்களப்பின் நாவலடி ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரை என்ன ஆனது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கும் முன்னால் 1978 நவம்பர் சூறாவளி. இரண்டு தடவையும் மட்டக்களப்பு வெளியுலகத்தில் இருந்து துண்டிக்கப்பட்டது. சுனாமி நாட்களில் ஹம்பாந்தோட்டையில் இருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனதில் இலங்கை அமெச்சூர் வானொலிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வங்காள விரிகுடாவின் மறுகரையில், அந்தமானின் போர்ட் பிளேரில், அதே வேளையில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் தன் குழுவோடு உடனே அவசரச் செய்திச் சேவைக்கு மாறினார். போர்ட் பிளேர் எங்கள் கரையில் இருந்து நேர்கோட்டில் சுமார் 1300 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 220 கிலோமீட்டர்.

இந்த இரண்டு தூரத்துக்கும் ஒரே அலைவரிசை சரிவராது. பகலில் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸில் வரும். அலை செங்குத்தாக மேலே போய் வானத்தில் உயரே உள்ள அயன் மண்டலத்தில் பட்டு மழை போலக் கீழே இறங்கும். கடல் கடந்து போக 14 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். எங்கள் வட்டாரத்துக்கு, அதாவது சர்வதேசப் பிரிவில் மூன்றாம் பிராந்தியத்துக்கு, அவசர வேளையில் கூடும் இடம் 7110 கிலோஹெர்ட்ஸ். உலகம் முழுவதுக்கும் பொதுவானது 14300. ஒருவர் 7110-இல் உள்ளூரோடு பேச, மற்றவர் 14300-இல் வெளியே பேச வேண்டும். ஒருவர் மற்றவருக்காக வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் இரண்டு ரேடியோ வைத்திருப்பதில் பயனில்லை. மாரி தொடங்குமுன் இதைச் சரிபண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் மச்சானின் வளவில் கூடினோம். இரண்டு பேரிடமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் உண்டு.

முதல் அமைப்பு

இரண்டும் 100 வாட் ட்ரான்ஸீவர், அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி. ஒன்று தொண்ணூறுகளில் செய்தது, மற்றது ஐந்து வயது. பழையது மச்சானுடையது, அதை 14300-இல் வைத்தோம். என்னுடைய புதியது 7110-இல். தென்னைகளுக்கு இடையே இரண்டு டைபோல் அன்டெனா, அதாவது நடுவில் கேபிள் பூட்டிய நீளக் கம்பி, கட்டினோம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் நீளம், 14-க்கு 10 மீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, 18 மீட்டர் இடைவெளியில். தென்னைகள் அப்படி வரிசையாக நின்றன, நாங்களும் அப்படியே கட்டிவிட்டோம். மின்சாரம் போன நாளை மனதில் வைத்து, இரண்டு ரேடியோவையும் ஒரே 12 வோல்ட் பற்றரியில் ஓட்டினோம்.

நானோ விஎன்ஏ என்ற கையடக்கக் கருவியின் இரண்டு முனைகளையும் இரண்டு அன்டெனாவின் கேபிள்களில் பூட்டி, ஒன்றில் கொடுத்தது மற்றதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தோம். 14.3 மெகாஹெர்ட்ஸில் 26 டெசிபெல் இழப்பு, 7.1-இல் 29. (டெசிபெல் விகிதத்தைச் சொல்லும் அலகு, 10 டெசிபெல் என்றால் சக்தி பத்து மடங்கு.) இந்த இரண்டு எண்களும் இனி அடிக்கடி வரும். இந்த அளவை எடுக்காமல் வேலை தொடங்குபவர் இருட்டில் கைவிட்டுத் தடவுகிறார் என்றே சொல்வேன்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல். 100 வாட் என்றால் 50 டிபிஎம். அதில் 29-ஐக் கழித்தால் 21 டிபிஎம், அதாவது 120 மில்லிவாட்டுக்கும் மேல். நான் 7110-இல் பேசும்போது அவ்வளவு சக்தி மச்சானின் ரேடியோவுடைய காதுக்குள் போகிறது. எஸ்9 என்ற பலமான சமிக்ஞையே கழித்தல் 73 டிபிஎம்தான். காதில் இரகசியம் சொல்பவரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மறுகாதில் கோயில் மணியை அடிப்பது போன்ற நிலை இது.

இரண்டு திசை, இரண்டு நோய்

முதல் வாரத்தில் ‘இரைச்சல் வருகிறது’ என்று பொதுவாகப் பேசிக்கொண்டோம். அதுதான் எங்கள் முதல் பிழை. உட்கார்ந்து கவனித்தபோது இரு திசையிலும் நடப்பது ஒன்றல்ல என்று தெரிந்தது.

நான் 7110-இல் பேசும்போது மச்சானுக்கு இரைச்சல் கூடவில்லை. மாறாக, கேட்டுக்கொண்டிருந்த தூர நிலையம் அமுங்கிப்போனது. பின்னணிச் சத்தமும் சேர்ந்தே குறைந்தது. காதை யாரோ பஞ்சு வைத்து அடைத்தது போல இருந்தது என்றான். மச்சான் 14300-இல் பேசும்போது எனக்கு நடந்தது வேறு. எதுவும் அமுங்கவில்லை. மேலே இரைச்சல் வந்து கவிந்தது, பொத்தானை அழுத்தினால் எஸ்7, பேசினால் எஸ்8.

அந்த நேரத்தில் நாங்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, எல்லோரும் போல ஹார்மோனிக்கைச் சந்தேகப்பட்டோம். 7-இன் இரண்டு மடங்கு 14, அதனால் என் ட்ரான்ஸ்மிட்டரின் இரண்டாம் மடங்கு அலை மச்சானைத் தாக்குகிறது என்பது முதல் ஊகம். ஆனால் 7110-இன் இரண்டு மடங்கு 14220. மச்சான் இருப்பது 14300-இல், 80 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. டயலை 14220-க்குத் திருப்பிப் பார்த்தபோது என் குரல் நெளிந்து திரிந்து, எஸ்9-க்கு மேலே 35 டெசிபெல் பலத்தோடு கேட்டது. ஹார்மோனிக் இருப்பது உண்மை. எங்கள் தொல்லைக்குக் காரணம் அதுவல்ல. மேலும், 14300-இல் அனுப்பும்போது கீழே 7110-இல் இரைச்சல் வருவதற்கு ஹார்மோனிக் எப்படிக் காரணமாகும்? மடங்கு அலை மேலேதான் போகும், கீழே இறங்காது.

காது பிழையா, வாய் பிழையா

என் 7110 ரேடியோவில் விழும் இரைச்சல் எங்கே பிறக்கிறது? இரண்டு இடம்தான் இருக்க முடியும். ஒன்று, மச்சானின் ட்ரான்ஸ்மிட்டர் 14300-ஓடு சேர்த்து 7110-இலும் கொஞ்சம் இரைச்சலை வெளியே விடுகிறது. அல்லது, அவனுடைய சுத்தமான பலத்த அலை என் ரேடியோவுக்குள் வந்து, உள்ளே அலையைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டரின் அழுக்கோடு கலந்து, என் ரேடியோவே இரைச்சலை உண்டாக்குகிறது. காதில் இரண்டும் ஒரே ‘ஷ்ஷ்’தான். மருந்துதான் வேறு. முதலாவதுக்கு மருந்து அவன் பக்கம், இரண்டாவதுக்கு என் பக்கம்.

எங்கள் பிழை, பிரித்துப் பார்க்காமலே என் பக்கம் மருந்து போட்டது. 7 மெகாஹெர்ட்ஸை மட்டும் விடும் ஒரு ஃபில்டரை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து என் ரேடியோவின் அன்டெனா வழியில் பூட்டினேன். மூன்று வாரம் காத்திருந்து வந்த பொருள். ஊசி அசையவில்லை. எஸ்8 எஸ்8-ஆகவே நின்றது. ஃபில்டர் பழுது என்று நினைத்து நானோ விஎன்ஏயில் அளந்தேன். அது 14300-ஐ 40 டெசிபெல்லுக்கும் மேல் வெட்டியது. பழுது எதுவும் இல்லை.

அந்த மாலை வாடைக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. திண்ணையில் தேத்தண்ணியோடு இருந்தபோது மச்சான் கேட்டான், “14300 உன்ர காதுக்குள்ள வராம மறிச்சாச்சு. மறுகா என்னத்தக் கேக்கிறாய்?”

அந்தக் கேள்வி முடிச்சை அவிழ்த்தது. 14300 மறிக்கப்பட்டும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது 14300-இல் இருந்து என் ரேடியோவுக்குள் உண்டானதல்ல. 7110 என்ற முகவரியிலேயே வந்து சேர்கிறது. 7110-ஐ உள்ளே விடத்தான் ஃபில்டர் வைத்தேன், அதோடு இரைச்சலும் வருகிறது. கேட்கும் பக்கத்தில் எந்த ஃபில்டரைப் பூட்டினாலும் அதை நிறுத்த முடியாது.

உறுதிப்படுத்த மூன்று சோதனை செய்தோம். மச்சானின் ரேடியோவை அன்டெனாவில் இருந்து கழற்றி டம்மி லோடில், அதாவது சக்தியை வெளியே வீசாமல் வெப்பமாக்கிவிடும் தடையில், பூட்டி 100 வாட் அனுப்பினோம். என் ஊசி எஸ்4-ஐ விட்டு அசையவில்லை. ஆக, இரைச்சல் பற்றரி வயர் வழியாக வரவில்லை, அன்டெனா வழியாகத்தான் வருகிறது. அடுத்து, அவனுடைய சக்தியை 100 வாட்டில் இருந்து 25-க்கு இறக்கினோம். சமிக்ஞை 6 டெசிபெல், அதாவது ஒரு எஸ் அளவு குறைய வேண்டும். இரைச்சல் அதில் பாதிகூடக் குறையவில்லை. எங்கள் பழைய ரேடியோவில் சக்தி குறைந்தாலும், அலையைக் கடைசியாகப் பெருக்கும் பவர் கட்டத்தின் இரைச்சல் அப்படியே வெளியே போகிறது என்று விளங்கியது. மூன்றாவது சோதனைக்கு இரண்டு ரேடியோவையும் மேசை மாற்றினோம். புதியதை 14300-இல் அனுப்ப, பழையதை 7110-இல் கேட்டோம். இரைச்சல் எஸ்6. இரண்டு எஸ் அளவு வித்தியாசம், ஒரு சதமும் செலவில்லாமல்.

மச்சான் சொன்ன “நான் இன்னும் பேசவே இல்லயே” இங்கேதான் பொருந்துகிறது. எஸ்எஸ்பி என்ற குரல் அனுப்பும் முறையில் பேசாவிட்டால் அலை வெளியே போகாது. ஆனால் பொத்தானை அழுத்தியதும் பவர் டிரான்சிஸ்டர்களுக்கு மின்னோட்டம் போய் அவை விழித்துவிடும். முன்கட்டங்களில் இருக்கும் சின்ன இரைச்சலை எல்லாம் பெருக்கி அன்டெனாவுக்குக் கொடுக்கும். பேசத் தொடங்கினால் அதன்மேல் ஆசிலேட்டரின் அழுக்கும் சேரும்.

ஏன் கீழ்நோக்கி மட்டும்

ஒவ்வொரு ட்ரான்ஸ்மிட்டரின் வாசலிலும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் இருக்கும். ஹார்மோனிக்கை மறிக்க வைத்தது. பெயரே சொல்வது போல, கீழே உள்ளதை விடும், மேலே உள்ளதை வெட்டும். 7110-இல் அனுப்பும் ரேடியோவின் இரைச்சல் 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போக முயன்றால் அந்த ஃபில்டர் அதையும் சேர்த்து வெட்டிவிடும். அதனால்தான் மச்சானுக்கு இரைச்சல் கேட்கவில்லை. 14300-இல் அனுப்பும் ரேடியோவின் இரைச்சல் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும்போது வாசல் திறந்தே கிடக்கிறது. காவலாளி மேல்வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதில் இருந்து கைப்பழக்கமாக வைத்துக்கொள்ளத்தக்க ஒன்று கிடைக்கிறது. ஒரு ரேடியோ சுத்தம், மற்றது அழுக்கு என்றால், அழுக்கானதைக் கீழ் அலைவரிசையில் வையுங்கள். அதன் இரைச்சலை அதன் சொந்த ஃபில்டரே மறிக்கும். நாங்கள் அன்றே நிரந்தரமாக மேசை மாறிக்கொண்டோம். பழைய ரேடியோவோடு மச்சான் 7110-க்கு வந்தான், நான் புதியதோடு 14300-க்குப் போனேன்.

ஏழு மீட்டர் கேபிள்

மிச்சம் இருந்த எஸ்6-ஐ அனுப்பும் வாசலிலேயே மறிக்க வேண்டும். விலை கூடிய இன்னொரு ஃபில்டர் வாங்குவதற்கு முன் ஒரு பழைய கைவைத்தியத்தைப் பார்ப்போம் என்று நினைத்தோம். ஸ்டப் என்பார்கள். ஒரு துண்டு கோஆக்ஸ் கேபிள், மூன்று வாய் உள்ள ஒரு டி கனெக்டர், அவ்வளவுதான்.

கேபிளின் நீளம் அலையின் கால் பங்கு என்றால், அதன் கடைசி முனையில் இருப்பது முதல் முனையில் தலைகீழாகத் தெரியும். திறந்த முனை குறுக்குச்சுற்றாகத் தெரியும், குறுக்கிய முனை, அதாவது உள்கம்பியையும் வெளிக்கவசத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்ட முனை, திறந்ததாகத் தெரியும். நீளம் அரைப் பங்கு என்றால் உள்ளது உள்ளபடி தெரியும். 7 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கான கேபிள் 14-இல் அரைப் பங்கு. இங்கேதான் எங்கள் இரண்டு அலைவரிசைக்கும் அதிர்ஷ்டம். ஒரே நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் கடைசி முனையைத் திறந்து விட்டு மற்றதைக் குறுக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் மருந்து கிடைக்கிறது.

14300 ரேடியோவில் திறந்த துண்டு. அது 7110-ஐத் தரையில் அடிக்கும், 14300-ஐத் தொடாது. இதனால் என் ட்ரான்ஸ்மிட்டர் 7110-இல் விடும் இரைச்சல் வாசலிலேயே சாகும். மச்சான் அனுப்பும் 7110-இன் பலமும் என் காதுக்குள் வராது. 7110 ரேடியோவில் குறுக்கிய துண்டு. அது 14-ஐத் தரையில் அடிக்கும், 7-ஐத் தொடாது. இதனால் 14220-இல் போகும் ஹார்மோனிக்கும் குறையும், 14300 உள்ளே வருவதும் குறையும். ஒவ்வொரு துண்டும் போகும்போதும் வரும்போதும் வேலை செய்கிறது.

நீளக் கணக்கு இப்படி. 300-ஐ 7.11-ஆல் வகுத்தால் 42.2 மீட்டர். அதில் கால் பங்கு 10.55. ஆர்ஜி-58 கேபிளில் அலை மெதுவாகப் போவதால் 0.66-ஆல் பெருக்க வேண்டும். 6.96 மீட்டர். நாங்கள் 7.20-இல் வெட்டி, நானோ விஎன்ஏயின் திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறைத்தோம். மாமியின் நகவெட்டியால்தான் கடைசி இரண்டு சென்டிமீட்டரும். திரையில் பள்ளம் மெல்ல மெல்ல நகர்ந்து 7110-க்கு நேராக வந்து நின்றது. 22 டெசிபெல் ஆழம். ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிள் என்றால் 29 வரை போகலாம், எங்களிடம் இருந்தது மெல்லியதுதான்.

14300 பக்கம் பூட்டியதும் பழைய ரேடியோவில் இரைச்சல் எஸ்6-இல் இருந்து எஸ்4-க்கு இறங்கி, பின்னணியோடு கரைந்தது. நான் பொத்தானை அழுத்துவதும் விடுவதும் மச்சானுக்குத் தெரியவில்லை.

மறுபக்கம் அவ்வளவு இலகுவாக நடக்கவில்லை. குறுக்கிய துண்டைப் பூட்டிய பிறகும் 14220 ஹார்மோனிக் 8 டெசிபெல்தான் குறைந்தது. மேசையில் 22 காட்டிய அதே துண்டு. காரணம் தேட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஸ்டப் குறுக்குச்சுற்றாக இருந்து பயன் தருவது, அந்த இடத்தில் வழியின் மின்தடை ஓரளவு உயர்வாக இருக்கும்போதுதான். ஏற்கனவே தடை மிகக் குறைந்த இடத்தில் இன்னொரு குறுக்குச்சுற்றை வைத்தால் என்ன மாறப்போகிறது? ரேடியோவின் உள் ஃபில்டரும் அன்டெனாவும் 14 மெகாஹெர்ட்ஸில் எப்படித் தெரியும் என்பது கேபிளின் நீளத்தைப் பொறுத்து மாறும். ரேடியோவுக்கும் டி கனெக்டருக்கும் நடுவே 3.46 மீட்டர் கேபிள், அதாவது 14.3-இல் கால் பங்கு, கூடுதலாகப் போட்டோம். ஹார்மோனிக் 21 டெசிபெல் குறைந்தது. ஸ்டப் வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்களில் பலர் இந்த ஒரு துண்டைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அன்டெனாவைத் திருப்பியது

இணையாக இருந்த டைபோல்களில் ஒன்றைச் செங்கோணமாகத் திருப்பி, வளவின் மறுமூலைக்கு நகர்த்தினோம். 38 மீட்டர் இடைவெளி. ஒன்றின் முனை மற்றதன் நடுவைப் பார்த்தபடி. மரமேறத் தெரிந்த தம்பி ஒருவரின் இரண்டு மணி நேர வேலை. இழப்பு 26-இல் இருந்து 41-க்கும், 29-இல் இருந்து 44-க்கும் போனது. 15 டெசிபெல், கயிற்றுச் செலவு மட்டும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கேபிளின் வெளிக்கவசமும் அன்டெனாவாக வேலை செய்து இரண்டு நிலையத்தையும் கோர்த்துவிடும். அதற்கு ஒவ்வொரு அன்டெனாவின் நடுவிலும் 31-ஆம் வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றிப் பூட்டினோம். வளையம் உறவினர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தது.

பற்றரி வயர்

ஒரு விஷயம் தற்செயலாக அகப்பட்டது. மச்சான் உரத்துப் பேசும்போது 7110-ஐச் சுற்றிப் பல கிலோஹெர்ட்ஸுக்குச் சிதறல் இருந்தது. கொழும்பில் இருந்தவரும் அதையே சொன்னார். ரேடியோவின் பின்னால் மீற்றரை வைத்தோம். பேசாதபோது 12.6 வோல்ட், பேச்சின் உச்சத்தில் 11.4. இந்த வகை ரேடியோக்கள் 13.8 வோல்ட்டுக்குச் செய்தவை, கீழே 11.7 வரைதான் தாங்கும். அதற்குக் கீழே போனால் பவர் கட்டம் நேராகப் பெருக்காது, அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டிய தலைதான் பக்கத்தில் சிதறுகிறது.

வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை மூன்று மீட்டர் இழுத்திருந்தோம். போக வர ஆறு மீட்டர். 20 அம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே கிட்டத்தட்ட 0.8 வோல்ட் தொலைந்துபோகிறது. 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டோம், ஆளுக்கொரு பற்றரி வைத்தோம், மைக் கெயினைக் குறைத்தோம், பேச்சைச் செறிவாக்கும் கம்ப்ரஸரை அணைத்தோம். உச்சத்திலும் 12 வோல்ட்டுக்கு மேலே நின்றது. சிதறல் போனது. சூரிய ஒளிப் பலகையின் சார்ஜ் கன்ட்ரோலரும் தன் பங்குக்கு இரைந்தது, கேட்கும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுகிறோம்.

கோழிக்கூட்டுத் தகரம்

எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில் புதிதாக ஒன்று வந்தது. மச்சான் 7110-இல் பேசும்போது எனக்கு 14300-இல் அவ்வப்போது ‘கிரிக் கிரிக்’ என்று வெடிப்பு. 14220-இல் ஹார்மோனிக் எஸ்9 அளவில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அது எஸ்9-க்கும் அதற்கு மேல் 20 டெசிபெல்லுக்கும் இடையே துள்ளிக்கொண்டிருந்தது. காற்று அடித்தால் கூடும். மழை பெய்த ஒரு மணி நேரம் முழுக்க இல்லாமலே போனது. வெயில் வந்து காய்ந்ததும் திரும்பி வந்தது.

ட்ரான்ஸ்மிட்டர் காற்றுக்கு ஆடாது. கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். கடற்கரையில் பிஎல்-259 கனெக்டர் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும், இரண்டை மாற்றினோம். வெடிப்பு போகவில்லை.

காட்டிக்கொடுத்தவர் மாமி. பின்னேரம் கோழிகளை அடைக்கும் நேரம். “தம்பி, கோழி கூட்டுக்கு மேல ஏறக்குள்ளதான் உங்கட பெட்டி கத்துது, பாத்தீங்களா?” என்றார். அடுப்படி வாசலில் இருந்து அவர் எங்களைவிட நன்றாகக் கவனித்திருக்கிறார்.

நகர்த்திய 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலின் ஒரு முனை கோழிக்கூட்டுக்கு நேர் மேலே, மூன்று மீட்டர் உயரத்தில் தொங்கியது. கூட்டின் கூரை இரண்டு பழைய தகரம். ஒன்றின்மேல் ஒன்று கைமுழ அளவுக்கு ஏறிக் கிடந்தது, நடுவில் துரு. மச்சானைப் பேசவிட்டு நான் ஹெட்ஃபோன் வயரை நீட்டிக்கொண்டு கூட்டருகில் போனேன். ஈர்க்குமாற்றுப் பிடியால் மேல்தகரத்தைத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெடிப்பு. அழுத்திப் பிடித்தேன், நின்றது. விட்டேன், வந்தது.

துருப்பிடித்த இரண்டு உலோகம் அரைகுறையாகத் தொடும் இடம், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போல நடக்கும். பலமான அலை அதில் பாய்ந்தால் அங்கேயே ஹார்மோனிக் பிறந்து, தகரம் முழுவதும் அன்டெனாவாகி அதை வீசும். தொடுகை ஆடினால் வெடிப்பு. நனைந்தபோது தொடுகையின் தன்மை மாறியதால்தான் மழையில் நின்றிருக்க வேண்டும். இதை எந்த ஃபில்டராலும், எந்த ஸ்டப்பாலும் மறிக்க முடியாது. ரேடியோவுக்கு வெளியே பிறப்பதை ரேடியோவின் வாசலில் எப்படி மறிப்பது? எங்கள் கரையில் தகரக் கூரை, தகர வேலி, முள்ளுக்கம்பி எல்லாம் உப்புக்காற்றில் ஊறிக் கிடப்பவை. அதனால் அன்டெனாவின் முனைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதை நான் இப்போது முதல் வேலையாக வைத்திருக்கிறேன். முனைகளில்தான் மின்னழுத்தம் அதிகம்.

டைபோலின் அந்த முனையை அடுத்த தென்னைக்கு, 12 மீட்டர் தள்ளிக் கட்டினோம். கூட்டுக்கு மாமி விருப்பப்படி கிடுகு வேய்ந்து கொடுத்தோம்.

இப்போதைய நிலை

டிசம்பரின் ஒரு மழைநாளில் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, காலை ஆறு மணியில் இருந்து நான்கு மணி நேரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிப் பார்த்தோம். 7110-இல் பின்னணி எஸ்4, நான் அனுப்பும்போதும் எஸ்4. மச்சான் 7110-இல் பேசும்போது 14300-இல் என் காது அடைப்பது போய்விட்டது. எஸ்3-இல் வந்த ஒரு தூர நிலையத்தின் பெயரையும் ஊரையும் ஒரே தடவையில் எழுதிக்கொண்டேன். மச்சான் அந்த நேரம் முழுவதும் கண்டியோடு பேசிக்கொண்டிருந்தான். முன்பு 21 டிபிஎம்மாக என் காதுக்கு வந்த அவனுடைய சக்தி, 50-இல் இருந்து அன்டெனா இழப்பு 44-உம் ஸ்டப்பின் 22-உம் கழிந்து, இப்போது கழித்தல் 16 டிபிஎம்.

இந்த முறை ஒரே அலைவரிசைக்குள் உதவாது. 7060-இல் ஒருவர், 7110-இல் ஒருவர் என்று இருந்தால் ஸ்டப்புக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே ட்ரான்ஸ்மிட்டரின் சுத்தமும் அன்டெனாவின் தூரமும்தான் காப்பாற்றும். எங்கள் வளவில் அதற்கு இடமில்லை, அந்த முயற்சியையே விட்டுவிட்டோம்.

21 மெகாஹெர்ட்ஸ் மிச்சம் இருக்கிறது. அங்கேயும் ஒரு அவசர இடம் உண்டு, 21360. 7110-இன் மூன்று மடங்கு 21330, ஆபத்தாகப் பக்கத்தில். இப்போது உள்ள குறுக்கிய துண்டு 21-இல் முக்கால் பங்காகி, திறந்ததாகத் தெரியும், எதையும் மறிக்காது. அதற்கு அதே 6.96 மீட்டரை மூன்றில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். 2.32 மீட்டரில் ஒரு திறந்த துண்டு, 4.64 மீட்டரில் ஒரு குறுக்கிய துண்டு, இரண்டும் ஒரே டி கனெக்டரில். 21-இல் இரண்டுமே குறுக்குச்சுற்றாகும். 7-இல் ஒன்றை மற்றது சமன்செய்து, இல்லாதது போல ஆகிவிடும். துண்டுகளை வெட்டி, முனைகளை ஈயம் வைத்து, மாமியின் அலுமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருக்கிறோம். வாடை ஓய்ந்து தென்னையில் ஏறக்கூடிய நாள் வந்ததும் 21-க்கான அன்டெனாவைக் கட்ட வேண்டும்.